'ஏசி தேவைப்படாத வீடு' என்று அட்வான்ஸ் கேட்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்

கேளம்பாக்கம் பக்கம் மேற்குப் பார்த்த மனையில் வீடு கட்டினோம். 'தட்பவெப்பத்துக்கு ஏற்ற வீடு, ஏசியே வேண்டாம்' என்று விளம்பரம் செய்கிற ஒரு நிறுவனத்திடம்தான் பிளான் முதல் சாவி வரை எல்லாம். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் இதே பேச்சோடு சென்னையைச் சுற்றி இன்னும் பலர் கிளம்பியிருக்கிறார்கள்.

முதலில் 'தட்பவெப்ப ஆய்வறிக்கை' என்று தனியாகப் பணம் வாங்கினார்கள். வழவழப்பான தாள், கலர் படங்கள். உள்ளே சூரியன் போகும் பாதையைக் காட்டும் படம் ஒன்று. அதில் வருஷம் முழுக்க மதியச் சூரியன் தெற்கிலேயே நிற்கிறது. நம் ஊரில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயில் தலைக்கு வடக்கே போய்விடும். கட்டடக்கலை படிக்கும் என் தங்கை மகள்தான் படத்தின் மூலையைக் காட்டினாள்: அட்சரேகை 26 டிகிரி. சென்னைக்கு 13. ஜோத்பூரில் யாருக்கோ செய்த அறிக்கையில் எங்கள் பெயரை ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

பெயர் மாற்றியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, வீட்டையும் அதை வைத்தே கட்டிவிட்டார்கள். வறண்ட ஊரில் கனத்த சுவர், சின்ன ஜன்னல் சரி. பகல் சூட்டைச் சுவர் வாங்கி வைத்துக்கொள்ளும், இரவுக் குளிரில் ஆறிவிடும். இங்கே மே மாத இரவில்கூட 28 டிகிரி, அதோடு புழுக்கம். சுவர் எப்போது ஆறுவது? நமக்கு வேண்டியது காற்று. பிற்பகலில் கடற்காற்று வரும் கிழக்குப் பக்கத்தில் மாடிப்படியும் கழிவறையும். மேற்கில், எலிவேஷன் அழகுக்காக ஆளுயரக் கண்ணாடி. மேலே 2 அடி சன்ஷேடு. நாலு மணி வெயில் சாய்ந்து நேராக ஹாலுக்குள் வருகிறது. அதைத் தடுக்க நிமிர்ந்த தடுப்போ, தாழ்வாரமோ, மரமோ வேண்டும்.

நடுவில் முற்றம் வேறு. மழை வருமே என்று மேலே கண்ணாடி போட்டு நாலு பக்கமும் சிலிக்கோன் பசை வைத்து அடைத்துவிட்டார்கள். சூடு வெளியேறத்தான் முற்றம். மூடினால் அது இட்லிக் கொப்பரை.

உச்சகட்டம் ஏசி மாட்டிய அன்று. ஆம், கடைசியில் ஏசி வாங்கினோம். சுவருக்கு 'எலிப்பொறிக் கட்டு' (rat-trap bond) என்று கொட்டேஷனில் தனி ரேட். செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவார்கள், நடுவில் 3 அங்குல இடைவெளி இருக்கும், அந்தக் காற்றுதான் சூட்டைத் தடுக்கும். செங்கலும் கிட்டத்தட்ட கால்வாசி மிச்சம். அவுட்டோர் யூனிட் ஸ்டாண்டுக்கு டிரில் போட்ட பையன் கேட்டான்: "சார், உள்ளே காலின்னு சொன்னீங்க, டிரில் பிட்டு ஒரு இடத்துலயும் சட்டுனு உள்ளே விழலையே?" குறுக்குச் செங்கல் இருக்கும் இடத்தில் விழாது, சரி. எல்லா ஓட்டையிலுமா? வெளியே வந்தது சிவப்புத் தூளும் அப்புறம் சாம்பல் தூளும். இடைவெளி முழுக்கக் கலவை. கலவை போடும்போது இடைவெளி மேல் ஒரு பலகையை வைத்து மூடிக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பல் பட்டுக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். கேட்டால், "கெட்டியா இருக்கட்டும்னு மேஸ்திரி போட்டிருப்பார் சார்" என்கிறார் சைட் இன்ஜினியர். அந்தத் தனி ரேட்டைத் திருப்பித் தருவது பற்றி மட்டும் பேச்சே இல்லை.

இப்போது இந்தக் கட்டில் சுவர் எழுப்பிக்கொண்டிருப்பவர்கள், வரிசை வரிசையாக மேலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். மூலையிலும் ஜன்னல் ஓரத்திலும் கெட்டியாக இருப்பது முறைதான். மற்ற இடத்தில் குழி தெரிய வேண்டும். அறிக்கை கொடுத்தால் முதலில் அட்சரேகையைப் பாருங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் கொட்டேஷன், பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள்; நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருஷம்தான் கெடு.