சிப்பிப்பாறை: சுத்த இனமா, கலப்பா?

நெல்லைச் சீமையில் நாய் வளர்ப்பவர்களிடம் அடிக்கடி அடிபடும் பேச்சு இது: நம்மூர் வேட்டை நாய் இனமான சிப்பிப்பாறையைச் சுத்தமாகவே பெருக்குவதா, வெளிநாட்டுப் பந்தய நாயான கிரேஹவுண்டோடு சேர்ப்பதா?

கலப்பில் வேகமும் உடற்கட்டும் கிடைக்கும். சொந்தத்துக்குள்ளேயே இணை சேர்த்து நொடித்துப்போன வம்சத்துக்குப் புது ரத்தமும் வரும். முதல் தலைமுறைக் குட்டிகள் பெரும்பாலும் ஒரே சாயலில்தான் இருக்கும். சிக்கல் அப்புறம்தான். அந்தக் குட்டிகளையே ஒன்றோடொன்று சேர்த்தால் ஒன்று பாட்டி மாதிரி, ஒன்று தாத்தா மாதிரி வரும். வாங்குகிறவரிடம் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சுத்த இனத்தில் அந்தக் கவலை இல்லை. ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், கரிசல் வெயிலுக்கு ஏற்ற குட்டை முடி, வளர்த்தவரிடம் ஒட்டிக்கொள்ளும் குணம், எல்லாம் தெரிந்ததே. ஆனால் ஊருக்குள்ளேயே ஜோடி தேடினால் அண்ணனும் தங்கையும் சேர்ந்துவிடும். ஒரு ஈத்தில் பிறக்கும் குட்டிகள் குறையும், பிறந்தவையும் நோஞ்சானாகும். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கம் அலைந்தாவது, மூன்று தலைமுறைக்குச் சொந்தமில்லாத ஆண் நாயைப் பிடிக்க வேண்டும்.

என் ஓட்டு சுத்த இனத்துக்குத்தான். கிரேஹவுண்டுக்கு உலகமெங்கும் ஆள் இருக்கிறது, சிப்பிப்பாறைக்கு நம்மை விட்டால் யார்? சரி, எதைத் தேர்ந்தாலும் மத்திய அரசின் 2017 நாய் இனப்பெருக்க விதிகளின்படி, குட்டி எடுத்து விற்பவர் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது.