அன்லிமிடெட் டேட்டா பிளான்: 9 மாதம் பயன்படுத்திப் பார்த்ததில்

மகளுக்கு அன்று ஆன்லைன் தேர்வு. எழுதி முடித்த விடைத்தாளைப் போனில் படம் பிடித்து ஏற்ற வேண்டும். 12 பக்கம், 15 நிமிட அவகாசம், ஒரு படம் சுமார் 3 எம்பி. முதல் படம் போய்ச் சேரவே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. சிக்னல் ஃபுல்லாக இருந்தது, போனை அணைத்துப் போட்டுப் பார்த்தோம், ஜன்னல் பக்கம் கொண்டுபோனோம், எதுவும் மாறவில்லை. ஐந்தாவது படம் பாதியில் இருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது. ஆசிரியர் நல்ல மனசு, மறுநாள் அனுப்பச் சொன்னார். ஆனால் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கோடு நகருமா நகருமா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. இந்த விமர்சனத்தை எழுதுவதே அதனால்தான்.

பிளானில் நல்லதும் உண்டு. கால் தெளிவாக இருக்கிறது, வீட்டுக்குள்ளும் சிக்னல் வருகிறது, பில்லில் தேவையில்லாத கட்டணம் எதுவும் வந்ததில்லை. மாதத்தின் முதல் இரண்டு வாரம் வேகத்தைப் பற்றியும் குறை சொல்ல ஒன்றுமில்லை, 40 எம்பிபிஎஸ் வரை சாதாரணமாக வரும். அப்புறம் ஒரு நாள் திடீரென்று எல்லாம் படுத்துவிடும். மேப் திறக்காது, வீடியோ கால் உறைந்துவிடும், பணம் அனுப்பினால் போனதா இல்லையா என்று தெரியாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பில் தேதி வந்ததும் மறுபடி பறக்கும். முதல் சில மாதம் டவர் கோளாறு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கஸ்டமர் கேரில் கிடைத்த பதில் இது: "சார், உங்கள் பிளான் அன்லிமிடெட்தான். டேட்டா நிற்கவில்லையே, ஸ்பீடு மட்டும்தான் குறைந்திருக்கிறது." 40 ஜிபியைத் தாண்டினால் வேகம் 128 கேபிபிஎஸ் ஆகிவிடுமாம். நான் பிளான் வாங்கிய பக்கத்தில் அன்லிமிடெட் என்ற சொல் தலைப்பளவுக்கு இருந்தது. 40 ஜிபி கணக்கோ, அடியில் ஒரு நட்சத்திரக் குறி, அதைத் தொட்டால் வேறொரு பக்கம், அந்தப் பக்கத்தில் நியாயப் பயன்பாட்டுக் கொள்கை என்ற தலைப்பின் கீழ் பதினோராவது பத்தியில் இருந்தது. தேடிப் போய் எண்ணிப் பார்த்தேன்.

128 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 16 கிலோபைட். எனக்கு வழக்கமாக வரும் வேகத்தில் 300ல் ஒரு பங்குகூட இல்லை. இந்த வேகத்தில் 24 மணி நேரமும் ஒரு நிமிடம் விடாமல் இறக்கிக்கொண்டே இருந்தாலும் ஒரு நாளைக்கு 1.4 ஜிபியைத் தாண்ட முடியாது. வேகத்தைக் கட்டிப்போட்டால் அளவும் தானாகவே கட்டுப்பட்டுவிடுகிறது, அப்புறம் எப்படி அதை வரம்பில்லாதது என்று விற்க முடியும்?

கம்பெனி பக்கம் இருக்கும் நியாயத்தையும் மறுக்கவில்லை. ஒரு டவரின் திறனை அதன் கீழே இருக்கிற எல்லோரும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள், நெரிசலான நேரத்தில் அதிகம் பயன்படுத்துபவரைக் கொஞ்சம் பின்வரிசைக்குத் தள்ளினால் புரிந்துகொள்ளலாம், கூட்டம் குறைந்ததும் வேகம் திரும்பிவிடும். எனக்கு நடந்தது அது கிடையாது. ராத்திரி 2 மணிக்குச் சோதித்தேன், விடியற்காலை 5 மணிக்குச் சோதித்தேன், மத்தியானமும் சோதித்தேன், எப்போதும் 0.12 எம்பிபிஎஸ், ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே நேர்கோடு. பிறகு அதே கம்பெனியில் அதே பிளானில் இருக்கும் என் மனைவியின் சிம்மை என் போனில் போட்டேன், அதே நாற்காலி, அதே டவர், 30 எம்பிபிஎஸ் வந்தது. அவள் அந்த மாதம் 9 ஜிபிதான் பயன்படுத்தியிருந்தாள். இப்படி ஒரு சந்தேகம் உங்களுக்கு வந்தால் வேறு எதற்கும் முன்னால் இந்தச் சிம் சோதனையைச் செய்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் யார் போய்க் கேட்பது என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம், நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி என்ற செல்போன் கம்பெனி மீது எஃப்டிசி எனப்படும் அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2014 அக்டோபரில் வழக்குப் போட்டது. மாதம் 2 ஜிபி பயன்படுத்தியவர்களுக்குக்கூட வேகத்தைக் குறைத்தார்கள், நெட்வொர்க்கில் நெரிசல் இல்லாதபோதும் குறைத்தார்கள், சிலருக்கு 80 முதல் 90 சதவீதம் வரை குறைந்தது, 35 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மொத்தம் 2.5 கோடி தடவைக்கு மேல் இப்படி நடந்தது என்பது குற்றச்சாட்டு. எங்களை விசாரிக்க இந்த ஆணையத்துக்கு அதிகாரமே இல்லை என்று கம்பெனி வாதாடியது. 2018 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அதிகாரம் உண்டு என்று சொன்ன பிறகுதான் வழக்கு நகர்ந்தது. கடைசியில் 2019 நவம்பரில் 6 கோடி டாலருக்குச் சமரசம். பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு விண்ணப்பம் எதுவும் போடாமலே பணம் போய்ச் சேர்ந்தது. பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதோடு வந்த இன்னொரு உத்தரவு: வேகத்துக்கோ அளவுக்கோ கட்டுப்பாடு இருந்தால் அதைப் பளிச்சென்று தெரியும்படி சொல்ல வேண்டும், பொடி எழுத்திலோ லிங்குக்குப் பின்னாலோ ஒளித்து வைக்கக் கூடாது. என் பதினோராவது பத்தி நினைவுக்கு வந்தது. அதற்கு முன்பே, 2015 ஜனவரியில், டிராக்ஃபோன் என்ற இன்னொரு அமெரிக்க செல்போன் கம்பெனியும் இதே மாதிரிப் புகாரில் 4 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

2018ல் கலிபோர்னியாவில் மெண்டோசினோ காட்டுத்தீ எரிந்தபோது, சாண்டா கிளாரா கவுண்டி தீயணைப்புத் துறையின் தகவல்தொடர்பு வண்டிக்கே வெரைசான் என்ற செல்போன் கம்பெனி வேகத்தைக் குறைத்துவிட்டது. அவர்கள் வைத்திருந்ததும் அன்லிமிடெட் பிளான்தான். வழக்கமான வேகத்தில் 200ல் ஒரு பங்குக்குப் போய்விட்டது என்று தீயணைப்புத் தலைவர் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தார். அதிக விலைப் பிளானுக்கு மாறும்படிதான் அவர்களுக்குப் பதில் வந்தது. அவசரப் பணியில் இருப்பவர்களுக்குக் கட்டுப்பாட்டை நீக்காதது தங்கள் வாடிக்கையாளர் சேவையின் தவறு என்று கம்பெனியே பிறகு ஒப்புக்கொண்டது.

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன். போனில் புலம்புவதை நிறுத்திவிட்டு எழுத்தில் கேட்டேன். ஸ்பீடு டெஸ்ட் ஸ்கிரீன்ஷாட்டுகள் தேதி, நேரத்தோடு, இரண்டு சிம்மின் முடிவுகள், பிளான் வாங்கிய பக்கத்தின் படம், எல்லாவற்றையும் ஒரே ஈமெயிலில் போட்டு இரண்டே கேள்வி வைத்தேன்: எந்த அளவைத் தாண்டினால் எவ்வளவு வேகம் தருகிறீர்கள், அதை விற்கும்போது எந்த இடத்தில் சொன்னீர்கள்? பிளான் பக்கத்தை முதலிலேயே படமெடுத்து வைத்தது நல்லதாகப் போயிற்று, அந்தப் பக்கம் இந்த ஒன்பது மாதத்தில் இரண்டு தடவை மாறியிருக்கிறது. ஆறாவது நாள் பதில் வந்தது. 40 ஜிபி, 128 கேபிபிஎஸ் என்று முதல்முறையாக எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள், இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை, ஒரு மாதக் கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். வாங்கிக்கொண்டேன், பணம் என்னுடையது. ஆனால் விளம்பரப் பக்கத்தில் அந்த 40 ஜிபி கணக்கு இன்னும் ஒளிந்தே இருப்பதால் ஒழுங்குமுறை ஆணையத்திலும் புகார் கொடுத்திருக்கிறேன்.

மதிப்பெண் என்றால், காலுக்கும் சிக்னலுக்கும் 5க்கு 4, டேட்டாவுக்கு 1. மாதம் 20, 25 ஜிபிக்குள் முடித்துக்கொள்பவர்கள் தாராளமாக வாங்கலாம், உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. வீட்டில் வேறு இணைப்பு இல்லாமல் இதையே நம்பிப் படிப்பவர்கள், வேலை பார்ப்பவர்கள் வாங்க வேண்டாம், 40 ஜிபி என்று நேராகச் சொல்லி விற்கும் பிளானை வாங்குங்கள். நேற்று கம்பெனியிலிருந்து மறுபடி மெசேஜ் வந்தது, பணம் திரும்பக் கிடைத்துவிட்டதால் ஆணையத்தில் கொடுத்த புகாரை முடித்துக்கொள்ளச் சம்மதமா என்று. அந்தப் பக்கத்தை மாற்றும் வரை சம்மதமில்லை என்று பதில் போட்டிருக்கிறேன்.