பழைய கிட்டார் ஆம்ப்புக்குப் புது பிரேக்கர்: மாற்றியது வீண்போகவில்லை

என் பழைய வால்வ் ஆம்ப்பில் (கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர்) ஃபியூஸ் கிடையாது, பின்பக்கம் அழுத்தி ரீசெட் செய்கிற 3 ஆம்பியர் தெர்மல் பிரேக்கர்தான், அதாவது கரண்ட் கூடினால் சூடேறித் தானே துண்டித்துக்கொள்கிற சுவிட்ச். அது கொஞ்ச நாளாக, இரண்டு பாட்டு வாசிப்பதற்குள் டக்கென்று விழுந்து கரண்ட்டைத் துண்டித்துவிடும். முதலில் வால்வு, ஃபில்டர் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்துவைக்கிற பாகம்) எல்லாம் சோதித்தேன், ஏனென்றால் பிரேக்கர் விழுந்தால் பாதி நேரம் குற்றவாளி வேறு யாராவதுதான். ஆம்ப் இழுக்கிற கரண்ட் சரியாகவே இருந்தது. பிரேக்கரை மீட்டரில் வைத்தால், பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய மின்தடை கிட்டத்தட்ட 2 ஓம்! உள்ளே காண்டாக்ட் கருகி, அந்தச் சூட்டிலேயே பைமெட்டல் தகடு வளைந்து தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கிறது பாவம்.

புதிதாக வாங்கியதும் அதே 3 ஆம்பியர்தான். விழாமல் இருக்கட்டும் என்று 5 போடலாமே என்பார்கள், வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் அழ வேண்டியிருக்கும். பழைய துளையில் கச்சிதமாக உட்கார்ந்தது, பட்டனும் நல்ல அழுத்தம். குறை என்றால் பிளாஸ்டிக் நட்டுதான், லேசாக முறுக்கியதற்கே மரை போய்விட்டது, பழைய உலோக நட்டையே போட்டேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்று கையை உள்ளே விடாதீர்கள், கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல்கூட தங்கியிருக்கும், ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டு அப்புறம் தொடுங்கள். நேற்று மூன்று மணி நேரம் வாசித்தேன், ஒருமுறைகூட விழவில்லை.