ஓட்டுக் கூரையா, கொங்கிறீட் கூரையா: திருகோணமலை வீட்டுக்கு எந்தச் சப்வூஃபர்?

நல்ல ஸ்டீரியோ ஒலிபெருக்கி இரண்டு ஏற்கெனவே இருக்கிறது, அடி ஒலி (பேஸ்) மட்டும் போதவில்லை. அடி ஒலிக்கென்றே உள்ள பெட்டியான சப்வூஃபர் வாங்கப் போகிறவர்கள் விலையையும் வாட்டையும் பார்க்கிறார்கள். அதற்கு முன் அண்ணாந்து கூரையைப் பார்க்க வேண்டும். உவர்மலைப் பக்கம் ஓடு வேய்ந்த பழைய வீட்டில் அருமையாகப் பாடும் பெட்டி, உப்புவெளியில் கொங்கிறீட் கூரை போட்ட புது வீட்டில் ஒரே சுரத்தில் முழங்கும். பெட்டியில் பிழை இல்லை.

காரணம் இதுதான். கதவு யன்னல் எல்லாம் மூடிய, சுவர் கனத்த அறையில் மிகத் தாழ்ந்த ஒலி வெளியேற வழியின்றி அழுத்தமாகத் தங்கி வலுப்பெறும். துவாரம் இல்லாத மூடிய பெட்டிச் சப்வூஃபரின் ஒலி, சுருதி கீழே போகப் போக, ஒக்டேவுக்கு (அதிர்வு பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபல் வீதம் குறையும். அந்தக் குறையை அறையே பெரும்பாலும் நிரப்பிவிடும் என்ற கணக்கு குளிர்நாட்டு அறைகளுக்குப் பொருந்துகிறது. ஓட்டு இடுக்கு, சுவர் உச்சியில் காற்றுத் துவாரம், கச்சான் காற்றுக்குத் திறந்து வைத்த யன்னல் என்று இருக்கும் நம் அறையில் அந்த உதவி கிடைக்காது. தாழ்ந்த ஒலி முற்றத்துக்குப் போய்விடும்.

துவாரப் பெட்டி ஒன்றா, மூடிய பெட்டி இரண்டா?

ஓட்டு வீட்டுக்கு எங்கள் தெரிவு, காற்றுக் குழாய் திறந்திருக்கும் 12 அங்குலத் துவாரப் பெட்டி ஒன்று. எஸ்.வி.எஸ். நிறுவனத்தின் பி.பி.-1000 ப்ரோ இந்த வகை. அதே நிறுவனத்தின் எஸ்.பி.-1000 ப்ரோ மூடிய வகை. இரண்டிலும் 12 அங்குலக் கூம்பு, 325 வாட் அம்ப்ளிபயர். ஆனால் 20 முதல் 30 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) வரை துவாரப் பெட்டியால் அதிகச் சத்தம் தர முடியும், ஏனெனில் அந்த இடத்தில் கூம்புக்குத் துவாரம் கைகொடுக்கிறது. ஒரு ஒக்டேவ் கீழே இறங்கி அதே சத்தம் வேண்டுமென்றால் கூம்பு மட்டும் 4 மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். சிறிய மூடிய பெட்டி திணறுவது அங்கேதான். துவாரத்தின் சுருதிக்குக் கீழே ஒலி ஒக்டேவுக்கு 24 டெசிபல் வீதம் சரிவதையும், பெட்டி ஏறக்குறைய இரு மடங்கு இடம் பிடிப்பதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

கொங்கிறீட் கூரை என்றால் தீர்ப்பு மாறுகிறது. நீளம் 14 அடி, அகலம் 11 அடி, உயரம் 10 அடி அறை ஒன்றை எடுப்போம். நம் 30 பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர் செல்லும். அதை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 41 ஹெர்ட்ஸ். அகலத்துக்கு 52, உயரத்துக்கு 57. இந்த மூன்று சுருதியிலும் அறை சேர்ந்து முழங்கும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸில்தான் இருக்கிறது. இளையராஜா பாட்டுகளில் அந்தக் கிட்டார் படிப்படியாக இறங்கும்போது ஒரு சுரம் வெடித்து அடுத்தது காணாமல் போவது இதனால்தான்.

மூலையில் வைத்த ஒற்றைப் பெட்டி மூன்று முழக்கத்தையும் கிளப்பும். முன்சுவரின் நடுவில் ஒன்று, பின்சுவரின் நடுவில் ஒன்று என இரண்டு மூடிய பெட்டிகளை ஒரே அளவில் வைத்தால் 41 ஹெர்ட்ஸ் முழக்கத்தை அவை ஒன்றையொன்று எதிர்த்து அணைத்துவிடும். அகலத்தின் நடுவில் இருப்பதால் 52உம் எழாது. ஹர்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் பல இட அமைப்புகளை ஒப்பிட்டு, எதிரெதிர்ச் சுவர் நடுவில் இரண்டு வைப்பது சிறந்தவற்றுள் ஒன்று என்று காட்டினார். 57 மட்டும் மிஞ்சும், அதை ஈக்வலைசரில் (சுருதிவாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வெட்டலாம். இரண்டையும் முன் ஒலிபெருக்கிகளின் பக்கத்திலேயே வைத்தால் 52 அடங்கும், 41 அப்படியே நிற்கும். இந்தத் தவறைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள்.

பரப்பளவிலும் இரண்டு வெல்லும். மூடிய பெட்டிகள் 10 அங்குலமாக இருந்தாலே போதும்: ஒரு கூம்பு ஏறத்தாழ 330 சதுர சென்ரிமீற்றர், இரண்டுக்கு 660. ஒற்றை 12 அங்குலம் 480தான். பின்பெட்டியிலிருந்து கதிரை 4 அடியாவது தள்ளி இருக்கட்டும். நெருங்கினால் தவில் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்கும்.

இணைக்கும் வழி

சப்வூஃபர் தயாரிக்கும் ரெல் நிறுவனம் சொல்லும் வழி எளிது. அம்ப்ளிபயரின் ஸ்பீக்கர் முனையிலிருந்தே சப்வூஃபருக்கு வயர் போகும், பெரிய ஒலிபெருக்கிகள் முழு வீச்சில் பாடும், அவை ஓயும் இடத்தில் சப்வூஃபர் தொடங்கும். அந்த வயரில் சிவப்பும் மஞ்சளும் வலது, இடது நேர் முனைகளுக்கு, கறுப்பு எதிர் முனைக்கு. கிளாஸ் டி அல்லது பிரிட்ஜ் வகை அம்ப்ளிபயர் என்றால் கறுப்பை எதிர் முனையில் கொடுக்கக் கூடாது, அம்ப்ளிபயரின் உலோக உடலில் உள்ள பூமி முனைக்குத்தான். மாற்றிக் கொடுத்தால் அம்ப்ளிபயர் பழுதாகிவிடக்கூடும். பாதையில் வேறு கருவி சேராததால் இசைத்தட்டுக் கேட்பவர்களுக்கு இது பிடிக்கும்.

ஆனாலும் ஆறரை அங்குலக் கூம்புள்ள ஒலிபெருக்கிகளுக்கு 80 ஹெர்ட்ஸில் பிரித்து, கீழ் ஒலியைச் சப்வூஃபருக்கும் மேல் ஒலியை ஒலிபெருக்கிகளுக்கும் அனுப்பும் வழியே மேல். அடிச்சுமை இறங்கினால் அதே கூம்பு குரலைத் தெளிவாகத் தரும், வித்தியாசம் முதல் பாட்டிலேயே தெரியும். இதற்கு அம்ப்ளிபயரில் பிரீ அவுட் (ஒலியை வெளியே எடுக்கும் முனை), மெயின் இன் (அதைத் திரும்பக் கொடுக்கும் முனை) இரண்டும் வேண்டும், நடுவில் ஒலியைப் பிரித்துத் தாமதமும் திருத்தமும் செய்யும் மினிடிஎஸ்பி 2×4 எச்.டி. போன்ற கருவி. சப்வூஃபர், ஒலிபெருக்கி இரு பக்கமும் ஒக்டேவுக்கு 24 டெசிபல் சரிவு கொடுங்கள். பிறகு 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, சப்வூஃபரின் நேர், எதிர்த் துருவத்தை (பொலாரிட்டி) தலைகீழாக்கி, கதிரையில் சத்தம் மிகக் குறையும்வரை ஒலிபெருக்கிகளின் தாமதத்தைக் கூட்டுங்கள். 1 மில்லிசெக்கன் என்பது 35 சென்ரிமீற்றர். குறைந்ததும் துருவத்தை நேராக்கினால் இரண்டும் ஒன்றுசேரும். பெட்டி இரண்டானால் இரண்டுக்கும் ஒரே தாமதம். பின்பெட்டியைத் தனியாகத் திருத்தினால் 41ஐ அணைக்கும் வேலை கெட்டுவிடும்.

அளக்க யூமிக்-1 மைக்கும் இலவச ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும் போதும். அளவுக் கோட்டில் மேடுகளை மட்டும் வெட்டுங்கள். பள்ளத்தை 10 டெசிபல் தூக்க 10 மடங்கு வாட் வேண்டும், அப்படியும் பள்ளம் நிரம்பாது.

உப்பும் மாரியும்

கடலுக்கு அருகில் ஆர்சிஏ முனைகள் (ஒலி வயர் செருகும் வட்ட முனைகள்) பச்சை பிடிக்கும். சில மாதத்துக்கொரு முறை கழற்றி, கொன்ராக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து மாட்டுங்கள். கூம்பின் விளிம்பு ஸ்பொஞ்சாக இருந்தால் நம் ஈரத்தில் உதிரும், ரப்பர் விளிம்பு பார்த்து எடுங்கள். பாட்டுக் கேட்காத நேரம் பெட்டியின் துவாரத்தைத் துணியால் மூடாவிட்டால் பல்லி குடியேறும்.

இரைச்சல் கேட்டால் சப்வூஃபரையும் அம்ப்ளிபயரையும் ஒரே பிளக் பலகையில் கொடுத்துப் பாருங்கள். பூமி முனையை வெட்டுவது உயிருக்கு ஆபத்து.

அளவை இரண்டு முறை எடுங்கள்: கச்சானில் யன்னல் திறந்து ஒன்று, மாரியில் அடைத்து ஒன்று. மினிடிஎஸ்பி 4 அமைப்புகளைச் சேமிக்கும். ஐப்பசியில் யன்னலைச் சாத்தும் அன்றே இரண்டாவதுக்கு மாற்றிவிடுங்கள்.