அறைக்குள்ளா, வெயிலிலா? மண்டபம் கரையில் நுண்பாசி வளர்ப்பு

இறால், சிப்பிக் குஞ்சுகளுக்குத் தீனியாகும் நுண்பாசியை மண்டபம் பக்கம் இரண்டு விதமாக வளர்க்கலாம்: ஏசி அறையில் கண்ணாடிக் குடுவையில், அல்லது வெட்டவெளித் தொட்டியில்.

அறையில் 20-24 டிகிரி, டியூப் லைட், கொதிக்க வைத்து ஆறிய கடல்நீர், அளந்து ஊற்றும் சத்துக் கரைசல். ஐசோகிரைசிஸ் என்ற நுண்பாசி வகைக்கு இதுதான் சரி. நம்மூர் வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிப் போனால் அதன் பொன்பழுப்பு நிறம் வெளிறி, செத்த செல்கள் அடியில் படிந்துவிடும். கரண்ட் பில்தான் கையைக் கடிக்கும்.

வெளித்தொட்டிக்கு வெளிச்சம் இலவசம். உரக்கடை அமோனியம் சல்பேட், யூரியா, சூப்பர் பாஸ்பேட் போதும். கீட்டோசெரோஸ் என்ற இன்னொரு நுண்பாசி வகை என்றால் சிலிக்கேட்டும் வேண்டும்; அதன் ஓடே சிலிக்காதான். சூட்டையும் அது ஓரளவு தாங்கும். தொல்லை என்னவென்றால், ஐப்பசி மழை கொட்டினால் உப்பு இறங்கிவிடும். நுண்பாசியைத் தின்னும் சிலியேட் என்ற நுண்ணுயிர்கள் புகுந்தாலோ, நேற்று பழுப்பாக இருந்த தொட்டி இன்று தெளிந்து கிடக்கும். ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் அவை ஓடித் திரிவது தெரியும். அப்புறம் தொட்டியைக் கொட்டிக் கழுவ வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால், சித்திரையில் ஐசோகிரைசிஸை வெளியே எடுக்கவே மாட்டேன். கீட்டோசெரோஸை அறையில் விதையாக வைத்திருந்து, நன்றாக அடர்ந்த பிறகு தொட்டிக்கு மாற்றுவேன்.