பிரேக்கில் ஏர் எடுக்க எது நல்லது: ஆள் வைத்து மிதிப்பதா, பம்ப்பா, தானாக வடிய விடுவதா?

பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்றதும் பலர் நேராகக் கடைக்குப் போய் பிரேக் ஆயில் வாங்கி வந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் ஏரை வெளியே விட இருக்கும் சின்னத் திருகுதான் நிப்பிள். அதில் ஸ்பேனரை வைப்பதற்கு முன், கோளாறு ஆயில் லைனுக்குள் புகுந்த ஏர்தானா என்று பார்த்துவிடுங்கள்.

பெடலை ஒரே சீராக அழுத்திப் பிடியுங்கள். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஆயில் கசிகிறது. நான்கு சக்கரத்திலும் பைப்பிலும் ஈரம் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்) இருக்கும் ரப்பர் கப் போயிருக்கும். எத்தனை முறை ஏர் எடுத்தாலும் அது சரியாகாது. முதல் மிதியில் ஆழமாகப் போய், உடனே இரண்டாவது முறை மிதித்தால் மேலே வந்து கெட்டியாக நிற்கிறதா? பின் டிரம்மில் உரசி நிறுத்தும் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள நம் சின்னக் கார்களில் இது அடிக்கடி வருவது. ஷூவை அட்ஜஸ்ட் செய்தாலே போதும். பெடல் இறுகிப்போய் அழுத்தவே முடியவில்லை என்றால் மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரையும் அதற்குப் போகும் வேக்கம் டியூபையும் பாருங்கள். எத்தனை முறை மிதித்தாலும் அந்த ஸ்பிரிங் தன்மை போகவே இல்லை என்றால்தான் ஏர்.

சரி, ஏர்தான் என்று முடிவாகிவிட்டது. எப்படி எடுப்பது?

பழைய வழி, இரண்டு பேர் செய்வது. நிப்பிளில் மீன்தொட்டிக்குப் போடும் தெளிவான டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கிவிட வேண்டும். மகள் சீட்டில், அப்பா சக்கரத்தடியில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"மிதிம்மா."

"மிதிச்சிட்டேன்ப்பா."

"அப்படியே பிடி, நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதே."

நிப்பிளைக் கால் சுற்று திறந்தால் பெடல் கீழே போகும், டியூபில் குமிழ்கள் ஓடும். மூடிய பிறகுதான் "விடு". மூடுவதற்குள் காலை எடுத்துவிட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். இந்த முறையின் பலவீனம் முழுக்க அந்தக் கால்தான், பலமும் அதுதான். மிதியின் வேகத்தில் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழ்கூடப் பெயர்ந்து வரும். பழைய வண்டி என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துரு இருக்கும். தரை வரை மிதித்தால் ரப்பர் கப் அதில் உரசிக் கிழியலாம்.

கையால் இயக்கும் வேக்கம் பம்ப்புக்குத் துணை ஆள் வேண்டாம். ஆனால் நிப்பிளைத் திறந்ததும் அதன் மரை வழியாகவே வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். லைனில் ஏர் தீர்ந்த பிறகும் டியூபில் குமிழ் வந்துகொண்டே இருக்கும். எப்போது நிறுத்துவது என்றே தெரியாது. இதற்காகவே எனக்கு அது பிடிப்பதில்லை. ஆயில் டப்பாவின் வாயில் மாட்டி மேலிருந்து அழுத்தும் பிரஷர் பிளீடர் இதற்கு நேர் எதிர்: 10 முதல் 15 பிஎஸ்ஐ போதும், வேலை சுத்தமாக முடியும். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் மூடி கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

தானாக வடிய விடுவதற்குச் செலவே இல்லை. மூடியைத் தளர்த்தி, நிப்பிளைத் திறந்துவிட்டால் சொட்டுச் சொட்டாக இறங்கும். பொறுமை வேண்டும், டப்பா காலியாகாமல் கவனிக்கவும் வேண்டும். பிடிவாதமான குமிழை மட்டும் இது அசைக்காது. அதனால் என் தேர்வு இரண்டும் கலந்தது: பழைய கறுத்த ஆயிலை வடிய விட்டு மாற்றிவிட்டு, கடைசியில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் சில மிதிகள். மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் உள்ள வண்டியில் வழக்கமான வரிசை இடது பின், வலது பின், இடது முன், வலது முன். கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் ஏர் புகுந்துவிட்டால் பல வண்டிகளில் ஸ்கேனர் இல்லாமல் வராது. அதை ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுவிடுங்கள்.

ஆயில் எது? ஆயில் டப்பாவின் மூடியில் போட்டிருப்பதுதான். டாட் (DOT) என்பது ஆயிலின் தரக்குறி. டாட் 3-க்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிவிட்டால் 140. டாட் 4-க்கு 230, 155. கொடைக்கானலில் இருந்து பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கும்போது இந்த வித்தியாசம் காலில் தெரியும்: ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் அப்படியே உள்ளே போய்விடும். திறந்து வைத்த பழைய பாட்டிலும் ஈரத்தை இழுத்திருக்கும், அதை ஊற்றாதீர்கள். டாட் 5 சிலிகான் வகை, மற்றவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 3, டாட் 4 ஆயில் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையை விடாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். எல்லாம் முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, பெடலை அரை நிமிடம் பலமாகப் பிடித்து, நான்கு நிப்பிளையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ஈரம் இல்லை, பெடலும் இறங்கவில்லை என்றால் வாசலிலேயே நாலு முறை நகர்த்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, அப்புறம் தெருவுக்கு எடுங்கள்.