டெல்டாவில் எடுக்கும் ரத்தம்: நரம்பிழைப் புரதமா, சி.கே.யா, மைக்ரோ ஆர்என்ஏவா?

தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்து தசைகள் கரையும் இயக்க நரம்பணு நோயின் ஆய்வுக்குத் தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ ரத்தம் எடுத்தால், அளக்கும் கருவி பெரும்பாலும் வெளியூரில்தான் இருக்கும். அதனால் எந்த மூலக்கூறு அதிகத் தகவல் தரும் என்பதோடு, எது கெடாமல் போய்ச் சேரும் என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டிலும் முந்துவது நியூரோஃபிலமென்ட் லைட் செயின். நரம்பிழை சிதையும்போது தண்டுவட நீரில் கசிந்து ரத்தத்துக்கு வரும் புரதம் இது. ஒரு மில்லிக்குப் பிகோகிராம் கணக்கில்தான் இருக்கும். எதிர்ப்புரதத்தைக் கொண்டு அளக்கும் பழைய எலைசா முறை போதாது, சிமோவா போன்ற நுண்ணளவு முறை வேண்டும். நோய் வேகமாக முற்றுபவர்களிடம் அளவு கூடுதல், மெதுவாக நகர்பவர்களிடம் குறைவு. இந்நோயைத் தரும் எஸ்ஓடி1 மரபணு மாற்றத்துக்கான டோஃபெர்சன் மருந்துக்கு 2023 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ விரைவு ஒப்புதல் தந்ததே, பிளாஸ்மாவில் (உறையாத ரத்தத்தில் அணுக்களை நீக்கிய திரவம்) இந்தப் புரதம் குறைந்ததை வைத்துத்தான்.

பிரித்தெடுத்த பிளாஸ்மா ஒரு நாள் அறை வெப்பத்தில் இருந்தாலும் அளவு பெரிதாக மாறாது. சித்திரை வெயிலில் பஸ் டிக்கியில் கிடந்ததை ‘அறை வெப்பம்’ என்று பதிவேட்டில் எழுதக்கூடாது, அவ்வளவுதான். ரத்தம் உறைந்தபின் பிரியும் சீரத்தில் அளவு பிளாஸ்மாவைவிடக் கூடுதலாகக் காட்டும். ஓர் ஆய்வில் இரண்டையும் கலந்தால் ஒப்பிட வழியில்லை. வயது, சர்க்கரையால் வரும் நரம்பு பாதிப்பு, சிறுநீரகக் கோளாறு மூன்றும் அளவை ஏற்றும். உடல் பருமன் இறக்கும். சர்க்கரை நோயாளிகள் மலிந்த நம் பகுதியில், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), கிரியேட்டினின், வயது, எடை நான்கும் பதியாமல் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

இதே குடும்பத்துப் பாஸ்பரஸ் ஏறிய ஹெவி செயினை எலைசாவில் அளக்கலாம். ஆனால் அது ரத்தத்தில் திரண்டுகொண்டு, இருப்பதைவிடக் குறைவாகக் காட்டிவிடும்.

தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் சி.கே. (கிரியேட்டின் கைனேஸ்) நொதியையும் தசையிலிருந்து வரும் கழிவான கிரியேட்டினினையும் கும்பகோணம் லேபிலேயே மலிவாகப் பார்க்கலாம். இவை நரம்பைப் பற்றியல்ல, தசையைப் பற்றிப் பேசுபவை. கிரியேட்டினின் மாதாமாதம் இறங்கினால் தசை கரைகிறது என்று கொள்ளலாம். சி.கே.தான் ஏமாற்றும்: நடவு, அறுப்பு வேலை, புட்டத்தில் போட்ட ஊசி, ஸ்டாட்டின் மாத்திரை எல்லாமே அதை ஏற்றும். தசைக்குள் ஊசி செருகும் ஈ.எம்.ஜி. பரிசோதனைக்கு முன்பே ரத்தத்தை எடுத்துவிட வேண்டும்.

மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்தும் குட்டி ஆர்என்ஏக்களான மைக்ரோ ஆர்என்ஏவில், நோய்ப்போக்கை முன்கூட்டிச் சொல்வதாக 2021இல் ஆய்வில் வெளிவந்த மிர்-181 கவனிக்கத்தக்கது. கையாள்வதுதான் கடினம். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் சேர்த்த குழாய், ஆர்என்ஏவை அளக்கும் பிசிஆரைத் தடுக்கும். ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாய்தான் சரி. தட்டணுக்கள் நீங்க இரண்டு முறை மையவிலக்க வேண்டும். சிவப்பணு உடைந்து பிளாஸ்மா இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்த மாதிரி வீண். மைனஸ் 80 உறைபெட்டியும் மின்வெட்டைத் தாங்கும் ஜெனரேட்டரும் இல்லாத இடத்தில் இதைத் தொடங்காமலிருப்பதே நல்லது.

மாரடைப்பைக் கண்டறியப் பார்க்கும் தசைப் புரதமான ட்ரோபோனின் டி இந்நோயாளிகள் பலரிடம் உயர்ந்திருக்கும். ட்ரோபோனின் ஐ இயல்பாகவே இருக்கும். டி மட்டும் உயர்ந்த சீட்டைப் பார்த்து மாரடைப்பு என்று முடிவுகட்டுவதற்கு முன், ஈசிஜியோடு ட்ரோபோனின் ஐயும் பார்த்துவிட வேண்டும்.